பின்னால் போகும் பெஞ்சு

பெஞ்சு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியபோது அக்கா நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு ஓடிவந்து, "ஒரு வாய் வாங்கிக்கடி கலா" என்றாள். அக்கா தலையைத் தூக்காமல், "கிளாஸ் நடக்குதும்மா" என்றாள். பெஞ்சு ஒரு சாண் பின்னால் போனது. நின்றது. அப்புறம் இன்னொரு சாண்.

இதுவரைக்கும் அது தார் ரோட்டில் போயிருக்கிறது, சோளக்காட்டில் போயிருக்கிறது, ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பந்தி நடக்கும்போதே மறுபக்கம் வெளியே போயிருக்கிறது. எல்லா இடத்திலும் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வழி விட ஆள் கிடையாது. எங்களுடையதுதான் ஊரின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் கொஞ்சம் கருவேலம், அதற்குப் பின்னால் சுரங்கம். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு வேலிகூடப் போடாமல் விட்டுப்போன குழி. அடியில் பச்சைத் தண்ணீர். ஆழம் எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதில் விழுந்த ஆடு ஒன்றுகூட இதுவரை மிதந்து வந்ததில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு இழுத்துப் பேசப் பிடிக்காது. ஆனால் இது இழுத்துக்கொண்டுதான் போகும், ஏனென்றால் அந்தப் பெஞ்சே அப்படித்தான் போனது.

அக்கா பேர் சூர்யகலா. கருவேலங்குறிச்சியிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள், ஆம்பளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பதினொன்றாவதோடு நின்றவன். அப்பா கலியபெருமாள் சிமெண்ட் லாரியில் லோடுமேன். அக்காவைக் காலேஜில் சேர்த்த அன்றைக்கு, கேட்டுக்கு வெளியே நின்று, வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, அப்பா அவளிடம் சொன்னார்: "போனமா, உக்காந்தமா, சார் சொல்றதுக்குச் சரின்னமா, வந்தமான்னு இருக்கணும். எந்திரிச்சு நின்னு அது என்ன இது என்னன்னு கேட்டு ஊர்ப் பேரைக் கெடுத்துடாத. வாயைத் தொறக்காம நாலு வருசத்த ஓட்டிடு, அப்புறம் நீ ராணி." இது எங்கள் அப்பா கண்டுபிடித்தது இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பெரிய இடத்துக்கு அனுப்புகிற எல்லோரும் பஸ் ஏற்றிவிடும்போது தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து இதையும் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அக்கா பாட்டிலையும் வாங்கிக்கொண்டாள், இதையும் வாங்கிக்கொண்டாள்.

வகுப்பில் முன் பெஞ்சுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஏற்கெனவே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒருத்தி பையில் இன்னொருத்தி கைவிட்டு மிட்டாய் எடுக்கிற அளவுக்குப் பழகியவர்கள். அக்கா கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். ஆனந்தரங்கன் சார் வந்தார், சர்க்யூட் பாடம் எடுத்தார், எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லி, போர்டு நிறைய எழுதி, திரும்பி, "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கத் தலையை ஆட்டியது. அக்காவும் ஆட்டினாள். பெஞ்சு ஒரு சாண் பின்னால் போனது. யாரோ விளையாட்டுக்கு இழுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் பெஞ்சு சுவரில் முட்டிக்கொண்டது. ஒவ்வொரு "அண்டர்ஸ்டாண்ட்?" கேள்விக்கும் செங்கல் கறமுற என்று சத்தம் போட்டது. பெஞ்சு ஏன் போகிறது என்று சார் கேட்கவில்லை, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்றார். கால்களுக்கு ரப்பர் மாட்டினார்கள். சுவர் விரிசல் விட்டதும் தாளாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, சுவரை அழகாக வளைவு வைத்து இடிக்கச் சொல்லி, இடித்த இடத்துக்கு ரிப்பன் கட்டி, வெட்டி, "நீட்டிக்கப்பட்ட கற்றல் வளாகம்" என்று போர்டும் வைத்துவிட்டார். போட்டோவில் எல்லோரும் இருந்தார்கள். அக்கா மட்டும் இல்லை. அவள் அப்போது கேண்டீன் பக்கம் போயிருந்தாள், அதாவது அவள் வகுப்பில்தான் இருந்தாள், பெஞ்சு கேண்டீன் பக்கம் போயிருந்தது.

கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார்.

"அவுட் பாஸ் இல்லாம வெளிய போகக் கூடாது பாப்பா."

"நான் வெளிய போகலண்ணே. கிளாஸ்ல இருக்கேன்."

அவர் யோசித்தார். பெஞ்சு நகர்ந்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

நீங்கள் கேட்கலாம், எழுந்து வந்துவிட வேண்டியதுதானே என்று. எழுந்து வரலாம், தினமும் சாயங்காலம் வந்துகொண்டுதான் இருந்தாள். காலையில் காலேஜ் பஸ் ஏறி, பெஞ்சு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே இறங்கி, பனியைத் துடைத்துவிட்டு உட்காருவாள். உட்காராவிட்டால் அட்டெண்டன்ஸ் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. ஆரம்பத்திலேயே இடத்தை மாற்றிக்கூடப் பார்த்தார்கள். முதல் பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். சார் கேட்டார், எல்லோரும் ஆட்டினார்கள், அந்த முதல் பெஞ்சு வகுப்பு நடுவே பிய்த்துக்கொண்டு பின்னால் போனது. இரண்டு பெண்களும் வீலென்று கத்திக்கொண்டு குதித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவளும் பழைய பெஞ்சுக்கே திரும்பிவிட்டாள். ஆட்டாமல் இருந்தும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யூ, வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?" என்று கேட்க, மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்க, அக்கா அவசர அவசரமாக நாலு தடவை ஆட்டிவிட்டாளாம். அன்றைக்கு மட்டும் பெஞ்சு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போனது.

ஆட்டினால் போகும் என்று நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். சாருக்குத் தெரியும், தாளாளருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும். தெரிந்தே எல்லோரும் அவளைப் பார்த்து ஆட்டு என்றுதான் சொன்னார்கள், ஏனென்றால் ஆட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் பெஞ்சு ஹைவேயைக் கடந்தது. போலீஸ் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள் "பெஞ்சு ஸ்டாப் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள், ஒருவர் அங்கே வேர்க்கடலை வண்டி போட்டார், இன்னொருவர் குடை விற்றார். பெஞ்சு அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகும் பஸ் அங்கேயே நின்றது, ஆட்கள் அங்கேயே இறங்கினார்கள். சோளக்காட்டுக்காரர் பெஞ்சு போகிற தடத்தை விட்டுவிட்டு விதைத்தார். பருத்திக்காட்டுப் பெண்கள் முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் அவளைத் தாண்டிக் களை எடுக்கப் போய்விட்டார்கள்.

பாடம் காதில் விழவில்லை என்று அக்கா எழுதிக் கொடுத்ததும், காலேஜ் எங்கள் ஊர் சோலைமுத்து மாமாவைக் கூப்பிட்டது. திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவர். காலேஜிலிருந்து பெஞ்சு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டினார், பெஞ்சு போகப் போக ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார். பெஞ்சு பக்கத்தில் ஒரு மைக்கும் வைத்தார். அதில் அக்கா "யெஸ் சார்" சொன்னால் அங்கே கேட்கும். வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று அதிலேயே ஒட்டியிருந்தது.

அதிலிருந்துதான் விஷயம் ஒரு மாதிரி ஆனது. கம்பம் இருக்கிற ஊரிலெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சர்க்யூட் பாடம் ஓடியது. கரண்ட் எங்கே நுழைகிறது எங்கே பிரிகிறது என்று ஆனந்தரங்கன் சார் குரல் வரப்பு மேல் போனது, மாட்டுக்கொட்டகைக்குள் போனது, குளிக்கிற இடத்துக்கெல்லாம் போனது. யாருக்கும் ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் அவர் நிறுத்தி "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டதும் பருத்திக்காட்டில் குனிந்திருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். டீக்கடையில் பேப்பர் படித்தவர் ஆட்டினார். தூளியில் கிடந்த குழந்தை ஆட்டியது. நான் பார்த்தேன். மீன்காரர் விலை சொல்லிவிட்டு "அண்டர்ஸ்டாண்ட்?" என்பார், வாங்க வந்த அத்தைகள் பேரம் பேசாமல் ஆட்டிவிட்டுப் போவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தண்ணீர் இனி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று அறிவித்துவிட்டு அதையே கேட்டார். ஊரே ஆட்டியது.

காலேஜில் அக்கறை இல்லாமல் இல்லை. ஹேமா மேடம் என்று ஒருவர், மாணவர் நல ஒருங்கிணைப்பாளர். நல்ல மாதிரி. வெயிலில் கார் ஏறி வந்து, அக்கா சட்டையில் "நாம் ஒரே குடும்பம்" என்ற பேட்ஜைக் குத்தி, தோளில் கை போட்டு செல்பி எடுத்துக்கொண்டு, "நீ எங்கள்ல ஒருத்திம்மா, எப்பவும் அத மறக்காத" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தியை அக்காவுக்குத் தோழியாக நியமித்தார். அந்தத் தோழி தினமும் காலையில் போனில் ஒரு சூரியகாந்திப் பூ படம் அனுப்பினாள். அக்கா பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்புவாள். வருஷம் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு நாள் நானே காலேஜுக்குப் போனேன். பெஞ்சு நேராக எங்கள் ஊர்த் திசையில் வருகிறது என்று அதற்குள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், ஊரில் போஸ்டர் அடிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வளைவுச் சுவர் பக்கத்தில் அட்டெண்டர் பாண்டுரங்கன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்புடி ஆயிருக்கா?"

"ஏன் ஆவாம? போன வருசம் மெக்கானிக்கல்ல ஒரு பையன். அவன் பெஞ்சு வடக்க போச்சு."

"வடக்க என்ன இருக்கு?"

"ஏரி."

நான் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாத தம்பி. அட்டெண்டன்ஸ் போயிக்கிட்டுத்தான் இருக்கு. கரையில நின்னா 'யெஸ் சார்'னு சத்தம் வரும், குமிழி குமிழியா. நல்ல பையன். ஒரு நாள் லீவு போட்டதில்ல."

"அவன் பேரு என்ன?"

பாண்டுரங்கன் பீடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். "அட, நாக்கு நுனில இருக்கு" என்றார். கடைசி வரைக்கும் அது வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கெட்ட வாய வெச்சுக்கிட்டுத் திரியாத" என்றார். "உனக்குத்தான் படிப்பு ஏறல. ஏறுறவளையாவது விடு."

தை மாசம் பெஞ்சு எங்கள் ஊருக்குள் வந்தது. வெடி வெடித்தார்கள். ஆலம் சுற்றினார்கள். "காலேஜையே ஊருக்குக் கூட்டியாந்த கண்மணி" என்று தலைவர் பிளக்ஸ் வைத்தார், அதில் அக்கா படத்தைவிட அவர் படம் பெரிசாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பெஞ்சைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள். தங்கப்பொண்ணு அத்தை தன் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கரண்ட் படிக்கிறியாமே, இத ஒரு பார்வை பாரு தாயி" என்றாள். அக்கா பார்த்தாள். மிக்ஸி ஓடவில்லை. அத்தை அதை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பரவால்ல, இன்னும் மூணு வருசம் இருக்குல்ல" என்றாள். அக்கா அதற்கும் தலையை ஆட்டினாள், பெஞ்சு நகர்ந்தது. சார் கேட்டால்தான் போகும் என்றிருந்தது போய், அன்றையிலிருந்து யார் கேட்டாலும் போனது.

ஊர் முழுக்க நினைத்தது என்னவென்றால், பெஞ்சு வீட்டைத் தேடித்தான் வருகிறது, வந்ததும் நின்றுவிடும் என்று. அம்மா வாசலில் இடம்கூடக் கூட்டி வைத்திருந்தாள், மேலே ஒரு கீற்றுப் பந்தல் போடுவதாக அப்பா சொல்லியிருந்தார், பந்தலுக்கு அடியில் அக்கா உட்கார்ந்து நாலு வருஷமும் படித்து முடிப்பாள், பக்கத்தில் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும், மதியத்துக்குச் சூடாகச் சாப்பிடுவாள், இதைவிட வேறென்ன வேண்டும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சு வாசலுக்கு வந்தது. கூட்டி வைத்த இடத்தில் ஒரு மதியம் நின்றது. அப்புறம் சார் "அண்டர்ஸ்டாண்ட்?" என்றார்.

அது சுவர் ஓரமாக வளைந்து, மாட்டுத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெஞ்சு அதற்குள் கருவேலத்தைப் பாதி தாண்டியிருந்தது.

"பேசாம எறங்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா. "படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"கொளஞ்சி, நீ சும்மா இரு" என்றார் அப்பா. "மொத வருசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"சொரங்கத்துக்கும் இன்னும் கொஞ்ச தூரம்தான்யா இருக்கு!"

சோலைமுத்து மாமா, "காத்துல நிக்கும்க்கா" என்றார். "இவ்ளோ தூரம் வந்த பெஞ்சு, காத்துல நிக்காதா? நான் ரெண்டு கம்பத்த மேல சாச்சுக் கட்டி ஒயர் விடுறேன்."

"நீ ஒயர் விடு. எம் பொண்ணு விழுந்தா ஒயரைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவாளா?"

தலைவர் காலேஜுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். சுரங்கம் கல்லூரி எல்லைக்குள் வராது, ஆனாலும் மாணவி நலன்தான் எங்களுக்கு முக்கியம் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தலைவர் எல்லோரையும் பார்த்தார். ஆட்டினார்கள். அம்மாகூட ஆட்டிவிட்டாள், ஆட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "எறங்கி வந்துடேன். நான் எங்கயாச்சும் வேலைக்குப் போறேன், ரெண்டு பேரும் எங்கயாச்சும் போவம்."

"எறங்குனா என்னடா சொல்லுவாங்க? வந்தா, முடியல, போயிட்டான்னு சொல்லுவாங்க. அடுத்து நம்ம ஊருலேர்ந்து ஒரு புள்ள போய்ச் சீட்டுக் கேட்டா, கருவேலங்குறிச்சியா, வேண்டாம்பாங்க."

"விழுந்தா?"

"விழுந்தா அட்டெண்டன்ஸ் இருக்கும்" என்றாள். சிரித்தாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் ஹேமா மேடம் காரில் ஆரஞ்சுக் கலர் மிதவைச் சட்டையோடு வந்தார். நெஞ்சில் காலேஜ் முத்திரை போட்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தது இரண்டு. காலேஜில் புதுசாக ஒரு திட்டம் வந்திருக்கிறதாம், உடனிருப்புத் திட்டம். தனியாக உட்காருவதால்தான் பெஞ்சு போகிறது என்று ஒரு கமிட்டி கண்டுபிடித்திருக்கிறது, சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மாணவிக்கு நம்ம இடம் என்ற உணர்வு வந்துவிடும், பெஞ்சு நின்றுவிடும் என்றார்.

"யாராவது ஒருத்தர்" என்று எங்களைப் பார்த்தார்.

அப்பாவுக்கு வேலை. அம்மாவால் குழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. என்னைப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மிதவைச் சட்டை மாட்டினார்கள், எனக்கு அது அக்குளில் அறுத்தது. அப்பா என் காலரைச் சரி செய்தார், இதற்கு முன் எப்போது செய்தார் என்று ஞாபகம் இல்லை. "இந்தா பாரு, அங்க போயி உன் திமிரக் காட்டாத. கையைக் கட்டிக்க. சார் கேட்டா தலைய மட்டும் ஆட்டு. அவளுக்கு இன்டர்னல் மார்க்கு அவரு கையிலதான் இருக்கு."

"தலையை மட்டும், தம்பி" என்றார் ஹேமா மேடமும், ரொம்ப அன்பாக.

பெஞ்சு விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்களுக்கு அடியில் வெள்ளைக் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்தது தண்ணீரில் விழும் சத்தம், மறந்துபோன பிறகுதான் வந்தது. நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே எங்கள் வீட்டுப் பின்சுவர், அதைத் தாண்டி ஊர், பருத்தி, சோளம், ஹைவேயில் ஊர்ந்த லாரிகள், எல்லாவற்றுக்கும் அந்தக் கடைசியில் அந்த வளைவு ஒரு ஊசித்துளை மாதிரி. அந்தத் துளைக்குள் ஏதோ பச்சையாக இருந்தது. அதுதான் போர்டு. இத்தனை நாள் அதைப் பார்த்துத்தான் இவள் படித்துக்கொண்டிருந்தாள்.

கருவேலத்தோரம் ஊர் முழுக்கக் கூடி நின்றது. சோலைமுத்து மாமா கடைசிக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் ஆனந்தரங்கன் சார் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன சொல்றாரு?"

"தெரியலடா."

"எழுதிக்கிட்டே இருக்கியே?"

"காதுல விழுறத எழுதுறேன்."

"எப்பலேர்ந்து புரியல?"

"மொத நாள்லேர்ந்து."

"அப்ப எதுக்கு ஆட்டுன?"

"எல்லாரும் ஆட்டுனாங்க. அவங்கள்ல பாதிப் பேருக்கும் புரியலன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப அவங்க பெஞ்சு ஏன் போகல?"

அக்கா பேனாவை மூடினாள். "அவங்களுக்குப் புரியலன்னா வீட்டுல அண்ணன் இருக்கான், மாமா இருக்காரு, டியூஷன் இருக்கு. அவங்க ஆட்டுனா சும்மா ஆட்டுனது. நான் ஆட்டுனா அதோட அது முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் கேக்குறதுக்கு எடமில்ல." என் பக்கம் திரும்பினாள். "நீ பள்ளிக்கூடத்துல புரியல புரியலன்னு கத்துவ. வெளிய நிக்க வெச்சாங்க. நின்ன. நின்னுக்கிட்டே இருந்து அப்புடியே போயிட்ட. நான் அடுத்த கிளாஸ் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன்டா. அதப் பாத்துத்தான் ஆட்டக் கத்துக்கிட்டேன்."

 

அப்போது ஸ்பீக்கரில், "அண்டர்ஸ்டாண்ட்?"

ஊர் ஆட்டியது. பழக்கத்தில் அக்காவும் ஆட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆட்ட மறந்துவிட்டேன். பெஞ்சின் அவள் பக்கம் ஒரு சாண் பின்னால் போனது. என் பக்கம் போகவில்லை. பெஞ்சு கதவு மாதிரி திரும்பி, அவள் பக்கத்துப் பின்னங்கால் காற்றுக்குள் போய் நின்றது. அவள் பெஞ்சின் பலகையை இறுக்கிப் பிடித்தாள். நோட்டு கை நழுவி விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"ஐயோ, கலா!" என்றாள் அம்மா.

"தம்பி!" என்று ஹேமா மேடம் கத்தினார். "ரெண்டு பேரும் சேந்து ஆட்டணும் தம்பி! ஒருத்தர் மட்டும் ஆட்டுனா பேலன்ஸ் போயிடும்!"

"ஆட்டித் தொலைடா!" என்று யாரோ கத்தினார்கள். "அவள வுழுவ வுட்டுடுவான் போலருக்கே!" என்றாள் தங்கப்பொண்ணு அத்தை. சோலைமுத்து மாமா கம்பத்தில் இருந்தபடியே காலேஜுக்குப் போனில் ஏதோ சொன்னார். ஸ்பீக்கரில் பாடம் நின்றது. கம்பத்துக்குக் கம்பம் அந்த உர்ர்ர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பருத்திக்காட்டில் பெண்கள் நிமிர்ந்து நின்றது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அப்புறம் சார் பேசினார். பெஞ்சு காலேஜை விட்டு வெளியே வந்ததிலிருந்து அவர் அதைப் பார்த்துத் தனியாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"லாஸ்ட் பெஞ்ச். அண்டர்ஸ்டாண்ட்?"

சோளக்காடு ஆட்டியது. ஹைவே ஆட்டியது. ஊர் மொத்தமும், தலைவரும், ஹேமா மேடமும், எங்கள் அம்மாவும், எனக்குக் கற்றுக்கொடுக்கிற மாதிரி, ஆட்டிக்கொண்டே நின்றார்கள். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவள் தலை ஆடவுமில்லை, ஆடாமலும் இல்லை, கழுத்து மட்டும் நடுங்கியது. என் பக்கத்துக் கால்களுக்கு அடியில் கல் உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார், என்னைக் கும்பிட்டார், எங்கள் அப்பா என்னைக் கும்பிட்டார், "ஆட்டுடா சாமி, ஒரே ஒரு தடவ ஆட்டிடு" என்றார்.

நான் ஆட்டவில்லை.